எதற்கும் ஒரு காரணம்

ஒரு பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குத் தெரிவானால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "எந்த ரியூசன்?" என்பதுதான். பிள்ளைக்கு மூளையும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. நான் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேல்.

என் மகள், கிரவீன் என்ற புறநகருக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் ஃபிளாக் ஃபுட்பால் விளையாடினாள். மோதித் தள்ளாத அமெரிக்கக் கால்பந்து அது. அவள் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுத்து எறிபவள். அணி வென்றுகொண்டே இருந்தது. எனக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நகர்வையும் கோச் அட்டையில் எழுதி அவள் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார். எதை எறிந்தாலும் எட்டிப் பிடிக்க நெட்டைப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். இதில் இவளுடைய கெட்டித்தனம் எங்கே?

"இண்டைக்கு எப்படி அப்பா?" என்று காரில் கேட்பாள்.

"அந்த நெட்டைப் பிள்ளை நல்லாப் பிடிச்சது. கோச்சும் கெட்டிக்காரன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி குசினிக்குள் கூப்பிட்டு வைத்துப் பேசுவாள். "பெத்த பிள்ளையைப் பற்றி நல்லதா ஒரு சொல்லுச் சொன்னா வாய் கோணிப் போயிடுமோ?"

மாநில அணித் தேர்வுக்கு வரச்சொல்லி மகளுக்கு அழைப்பு வந்தது. அதே வாரம் நெட்டைப் பிள்ளைக்குக் காய்ச்சல். கோச்சும் ஊரில் இல்லை. அணி படுதோல்வி. உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நான் ட்ரையல்சுக்குப் போகேல்லை," என்றாள் காரில். நான் ரேடியோவைப் போட்டேன்.

மறுநாள், நான் நினைத்தது சரிதானா என்று பார்க்க, கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் எறிந்த பந்துகள் நேராக நெஞ்சுக்குப் போயின. பிடிக்க வேண்டியவர்கள் கையில் பட்டு விழுந்தன. ஓரிடத்தில், கோச் எழுதிவைத்துவிட்டுப் போன அட்டையில் இருந்த திட்டம் குழம்பிப்போனது. இவள் பதறாமல் பக்கவாட்டில் ஓடினாள். யாரும் கவனிக்காத ஒருத்தி திரும்பும் முன்பே பந்தை அவள் வரப்போகும் இடத்துக்கு அனுப்பினாள். அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரே அவள் அறைக்குப் போனேன்.

"நேற்று நீ எறிஞ்சது எல்லாம் சரி, பிள்ளை. பிடிக்கத்தான் ஆள் இல்லை. நீ உண்மையிலேயே கெட்டிக்காரி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா சொல்லச் சொன்னவவோ?"

"இல்லை. நானே வீடியோவில பாத்தனான்."

"ஓகே அப்பா," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பதினொரு மணிவரை எழும்பவில்லை. நான் இரண்டு தடவை கதவடிவரை போய், தட்டாமல் திரும்பி வந்தேன்.