கிணற்றடியில் ஒரு வஞ்சப் புகழ்ச்சி

செம்பாட்டு மண்ணில் முதல் தண்ணீர் பாயும்போது எழும் மணத்தோடு, தண்ணீர் இறைக்கும் துலா கிறீச்சிடும் சத்தமும், அதற்கும் மேலாக "உவமை, உருவகம், உயர்வு நவிற்சி" என்று அக்கா உரத்துப் பாடமாக்கும் குரலும் சேர்ந்துதான் யாழ்ப்பாணத்து இணுவிலில் என் சிறுவயதுக் காலைகள் விடிந்தன. அக்கா எஸ்.எஸ்.சி. படித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிடும் "தண்ணி மாறுற" வேலைக்கு வந்துவிட்டேன். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவள் கத்திப் படித்ததில் பாதி எனக்கும் பாடம். தன் வீட்டுப் பலாப்பழத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று சின்னம்மா சொன்னால், உயர்வு நவிற்சி என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவேன்.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. எங்களுக்கும் அம்மாவின் தமையனான அம்மானுக்கும் முறைவைத்து இறைப்பு. ஐயா இறந்து அம்மா தனித்த வருடம், அம்மான் எங்கள் முறையையும் தன் புகையிலைக்கே இறைக்கத் தொடங்கினார். எங்கள் வெங்காயத் தாள் நுனி கருகியது. அந்த வெங்காயம்தான் எங்களுக்கு வருடச் சாப்பாடு. ஆனாலும் தமையனை நேரே எதிர்த்துக் கதைக்கிற வழக்கம் எங்கள் பெண்களிடம் இல்லை. ஒருக்கால் வாய் தடித்துவிட்டால், பிறகு அக்காவின் கலியாணத்தில் தாய்மாமன் என்று வந்து நிற்க ஆளில்லை.

ஒரு காலை, அயலவர்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்க, அம்மா குடத்தோடு கிணற்றடிக்குப் போனாள்; பின்னால் அக்காவும் நானும். அம்மான் துலாவடியில் நின்றார். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்காமல் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னாள்:

"எங்கடை அண்ணையைப் போல உந்த ஊரிலை ஆரிருக்கினம், மச்சாள்? தண்ணி கூடினால் என்ரை வெங்காயம் அழுகிப் போமெண்டு, என்ரை முறையையும் தானே இறைச்சுக் கஷ்டப்படுறார்."

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். துலா மிதித்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அம்மான் சால்வையை உதறித் தோளில் போட்டார். "பின்னை, நான் பாக்காமல் ஆர் பாக்கிறது?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, தண்ணீரை எங்கள் பக்கம் விடும்படி இறைப்புக்காரருக்குக் கை காட்டினார்.

"உது வஞ்சப் புகழ்ச்சியடி, புகழுறமாதிரி ஏசுறது" என்று அக்கா என் காதில் சொன்னது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"பேர் கிடக்கட்டும். தண்ணி வருகுது, வாய்க்காலைப் பாருங்கோ."

அம்மான் புகழ்ச்சியை நம்பிவிட்டார் என்று சின்னம்மா கனகாலம் சொல்லிச் சிரித்தாள். அவருக்கு நன்றாக விளங்கியது என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு எங்கள் முறை தவறவில்லை. அம்மா கிணற்றடிக்கு வரும் நேரம் அவர் அந்தப் பக்கம் வந்ததுமில்லை. அக்காவின் கலியாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர் அவர்தான்.

இப்போது துலா இல்லை, முறையும் இல்லை. வளவுக்கு வளவு மோட்டார் ஓடுகிறது. அண்மையில் எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் மதில் எல்லைக்காகச் சண்டை பிடித்தார்கள். மனதில் இருந்ததை ஒன்றும் சுற்றிவளைக்காமல் நேருக்கு நேர் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கலியாணம் நடந்தது. நாதஸ்வரம் கேட்கும் தூரத்தில், தங்கை பட்டுச்சேலை உடுத்தாமல் தன் வீட்டு விறாந்தையில் இருந்தாள்.