தன் நாவலைத் தானே திட்டியவர்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு ரகசியம் இருந்தது. பயந்துவிடாதீர்கள், நாவல் எழுதியிருந்தார், அவ்வளவுதான். யாராவது எழுதச் சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு லென்ஸ் மாட்டிக் கொடுத்துக்கொண்டு தேமேவென்று இருந்திருக்கலாம். மத்தியானத்தில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, வருஷக்கணக்கில் எழுதி, கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகத்தின் தலையில் கட்டிவிட்டார். அட்டையில் புனைபெயர். யாராவது பாராட்டினால் "நான்தாங்க அது" என்று முன்னால் வந்து நிற்கலாம், திட்டினால் நைசாக நழுவிவிடலாம். அப்பேர்ப்பட்ட வீரர்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. "இவ்வளவு பயந்தவருக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று அவள் கேட்டாள்.

புத்தகம் வந்து மாதங்கள் ஓடின. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. அவருக்கு விருதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ஆள் படித்துவிட்டு இன்னொரு ஆளிடம் "இதைப் படிச்சுப் பாரு" என்று கொடுத்தால் போதும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்தச் சின்ன ஆசைதான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது.

அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது அவர் கடைப் பின்னறைதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கும் பிரேம் பெட்டிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்துக் கதைப் பைத்தியங்கள் அங்கே கூடும். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் கொலைக்கதை தவிர எதையும் தொடமாட்டார். தொடுவதோடு விட்டாலும் பரவாயில்லை, கொலைகாரனைக் கண்டுபிடித்த பக்கத்தில் பென்சிலால் அவன் பெயரை வேறு எழுதி வைப்பார். பேக்கரிக்காரருக்குக் கதையில் நாய் வேண்டும், அந்த நாய் கடைசிவரை சாகக்கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குத் தலையணை கனத்தில் குடும்பக் கதை வேண்டும், நாலு தலைமுறை சண்டை போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். "நல்லா இருக்கு, எல்லாரும் படிங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. யாருக்கு என்று பார்த்து, அந்த ஆள் கையில் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். வாங்கினவர் அடுத்த கூட்டத்துக்குள் முழுசாகப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். யார் கைக்கும் போகாத புத்தகம் ஜன்னல் ஓரப் பலகைக்குப் போய்விடும். அதற்குத் தூங்கு பலகை என்று பெயர். அங்கே படுத்தது எதுவும் எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

புதுக் கண்ணாடி போட்டவர்களிடம் ஏதாவது ஒரு புத்தகத்தைக் கொடுத்து "எழுத்து தெளிவா தெரியுதா?" என்று கேட்பது கண்ணாடிக்காரர் வழக்கம். அந்த இடத்தில் தன் நாவலை வைத்தார், கள்ளத்தனம்தான். கணக்கு வாத்தியார் மாட்டினார். எழுத்து தெரிந்ததோடு நிற்காமல் வீட்டுக்கும் எடுத்துப் போனார். கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாத்தியார் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "கொலை வருமான்னு கால்வாசி படிச்சேன், மிச்சத்தைப் புரட்டினேன். மோசம்னு சொல்லமாட்டேன். ஆனா யார் கையில கொடுக்கறதுன்னுதான் தெரியல. கொலையும் இல்ல, நாயும் இல்ல."

யாரும் கை நீட்டவில்லை. வாத்தியார் எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தார். கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இருங்க சார்," என்றார் பேக்கரிக்காரர். "இது உங்க கடையில இருந்த புக்குதானேண்ணா? நீங்க படிச்சிருப்பீங்களே. எப்படி இருக்கு?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பாராட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். திட்டிவிட்டால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது என்று அந்த மகா மூளைக்குத் தோன்றியது.

"அதை ஏன் கேக்கறீங்க?" என்று ஆரம்பித்தார். "அண்ணன் மாடியில, தம்பி கீழ. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. சரி, அதுக்கு முந்நூறு பக்கமா? ஒரு தடவ 'சாப்டியா'ன்னு கேட்டிருந்தா நாப்பது பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும்!"

பேக்கரிக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்ணாடிக்காரருக்குத் தலைக்கேறியது.

"அப்புறம் இந்த வானம். பக்கத்துக்குப் பக்கம் கருக்குது, மழை மட்டும் வந்து தொலைக்க மாட்டேங்குது. நடுவுல ஒரு சரக்கு ரயில் அத்தியாயம் வேற. தம்பி ரயில்வே கேட்டுல நிக்கிறான். பெட்டி போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது. கேட்டைத் திறக்கறதுக்குள்ள நான் தூங்கியே போயிட்டேன்!"

பின்னறையே அதிர்ந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதிய காலத்தில் கிடைக்காத கைதட்டல், எழுதியதைக் கிழித்தபோது கிடைத்தது. வெட்கங்கெட்ட மனுஷன் சந்தோஷப்பட்டார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"இவ்வளவு மோசமா?" என்று நர்ஸம்மா கை நீட்டினார். "அப்படியாப்பட்ட புக்க நான் பார்த்ததே இல்ல. கொடுங்க சார்."

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு வெளியில எதிரியே வேண்டாம்." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாவலுக்கு ஒரு வாசகி கிடைத்தார், அவரிடமும் கேலி செய்து கெடுத்து அனுப்பியாயிற்று. இனி எந்த வரியைப் படித்தாலும் நர்ஸம்மாவுக்குச் சிரிப்புதானே வரும்? அடுத்த கூட்டம் வரைக்கும் அவர் கடையில் இருந்தார் என்றுதான் பெயர். ஒருத்தருடைய பிரேமை இன்னொருத்தருக்கு மாட்டி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை நர்ஸம்மா டியூட்டி முடிந்து நேராக வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணா, அந்தச் சரக்கு ரயில் அத்தியாயம் எத்தனாவது பக்கம்?"

"அது… நடுவுல சிஸ்டர்."

"ரெண்டு தடவ புரட்டிட்டேன். இந்த புக்குல ரயிலே இல்ல."

உண்மைதான், ரயில் இல்லை. அச்சுக்குப் போகும் முன்பு, அதைப் படித்துத் தூங்கிப்போன மனைவி, வெட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவரும் முனகிக்கொண்டே வெட்டினார். அச்சிலிருந்து போன ரயில் மண்டையிலிருந்து போகவில்லை. திட்டுகிற உற்சாகத்தில் புத்தகத்தில் இல்லாத அத்தியாயத்தையும் சேர்த்துத் திட்டியிருந்தார். எழுதினவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.

எழுதினது நான்தான் என்று சொல்லலாம், அல்லது படிக்கவே இல்லை என்று சொல்லலாம். வேறு வழியில்லை.

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். நான் அதை முழுசா படிக்கல. சும்மா அடிச்சு விட்டேன்."

நர்ஸம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்குதுண்ணா நியாயம்! ஒருத்தர் உக்காந்து இவ்வளவு எழுதியிருக்காரு. படிக்காமலே அவரைக் கேலி பண்ணி எங்களையும் சிரிக்க வைக்கறீங்களே, அந்த மனுஷன் கேட்டா என்ன பாடு படுவாரு?"

"பாடுதான் படுவாரு," என்றார் கண்ணாடிக்காரர். அந்தச் சாயங்காலம் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"வானம் கொஞ்சம் அதிகமா கருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தத் தம்பி, மாடிப்படி பல்பு ஃபியூஸ் போறப்பல்லாம் அண்ணன் விழுந்துடக் கூடாதேன்னு சத்தமில்லாம மாத்தி வைக்கிறான் பாருங்க. அன்னிக்கு அதுக்கு மேல என்னால படிக்க முடியல. எங்க அக்காகிட்ட நான் பேசி வருஷக்கணக்காச்சு. புக்க மூடி வச்சுட்டு போன் பண்ணினேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, அழுதுட்டு வச்சுட்டோம். நேத்து அவளே கூப்பிட்டா."

சொல்லிவிட்டு நர்ஸம்மா அந்தப் புத்தகத்தைக் கண்ணாடிக்காரர் கையில் அழுத்தி வைத்தார். "இது உங்களுக்குத்தான். ஒரு வரி விடாம படிங்க. அடுத்த தடவ வந்து பேசுங்க."

சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தம்மாவுக்குத் திட்டினதற்குச் சங்கடம் வரும், அப்புறம் அந்தப் பல்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் தெரிந்தவருக்குச் செய்த மரியாதையாகிவிடும். "கண்டிப்பா படிக்கிறேன் சிஸ்டர்" என்றார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

சட்டம் சட்டம்தான். படித்தார். வரிக்கு வரி திருத்தக் கை பரபரத்தது, மனைவி பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "சிஸ்டர் சொன்னது சரி. எனக்குத்தான் ரசனை பத்தாது" என்றார். நர்ஸம்மா பெரிய மனதோடு தலையசைத்தார்.

"யாருக்குண்ணா கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பேக்கரிக்காரர் கை நீட்டினார். "நாய் இல்லாட்டிப் போகுது, கொடுங்க."

கண்ணாடிக்காரர் நீட்டினார். பேக்கரிக்காரர் இழுத்தார். புத்தகம் வரவில்லை.

"விடுங்கண்ணா! என்னமோ நீங்களே எழுதின மாதிரி பிடிச்சுக்கறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் கூடவே சிரித்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"வெண்ணெய்க் கையோட தொடாதீங்க," என்று மட்டும் சொன்னார்.