மூணு நாளா ரிப்பேரே இல்லாத ஷூ கம்பெனி

தையல் மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் மெக்கானிக் மகாராஜா நான். மூன்று நாளாகக் கம்பெனியில் ஒரு மெஷினிலும் கோளாறில்லை. என் கைராசி என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை டெய்லர் செல்வி என் கையை இழுத்து அவள் மெஷின்மேல் வைத்தாள். ஜுரம் வந்த யானை மாதிரி உதறியது.

"இன்னாண்ணா, இந்தக் கத்து கத்துது, உனக்குக் கேக்கலியா?"

கேட்கவில்லை. காது போனால் வேலையும் போச்சே! கண் கலங்கிவிட்டது.

"சூப்பர்வைசருக்கு நான் சொல்ல மாட்டேன். மொதல்ல டாக்டரைப் பாரு."

டாக்டர் இரண்டு காதிலும் வெதுவெதுப்பான தண்ணீர் அடித்து, வேலூர்க் கோட்டை அளவுக்கு அழுக்கை வெளியே எடுத்தார். "பட்ஸால நீங்களே உள்ள தள்ளியிருக்கீங்க" என்றார்.

ஆம்பூர் மொத்தமும் திரும்ப இரைந்தது.

நான் 'ஓகே' சொல்லிவிட்டுப் போன மெஷின்காரர்களே, வரிசையில் வாருங்கள். மெதுவாகவே திட்டலாம், நன்றாகக் கேட்கிறது.