மூன்றாம் நம்பர் மூடி

தாத்தாவின் சொத்தை என் அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டதில் சரிபாதியாகப் பிரிந்தது கோபம் ஒன்றுதான். பெரும்பாறை ஆரஞ்சுத் தோட்டத்தில் அப்பாவுக்கு மேட்டுப் பக்கம், சித்தப்பாவுக்குத் தண்ணீர்ப் பக்கம். வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். வெள்ளைக்காரன் பட்டாளம் விட்டுப்போனதில் தாத்தா ஏலத்துக்கு எடுத்த, ஒரே அச்சில் வார்த்த இரண்டு கிழட்டு லாரிகளில் ஆளுக்கொன்று. ‘அஞ்சு வயசுல அண்ணன் தம்பி, பத்து வயசுல பங்காளி’ என்பார்கள். இவர்கள் தலை நரைக்கும் வரை தாக்குப்பிடித்ததே பெரிது.

சித்தப்பா வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, அவர் மகளோடு பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவளும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமலிருக்க நான் என்ன கல்லா? இவர்கள் சண்டைக்கு நாங்கள் எதற்கு வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும்? அன்றைக்கு அப்படி வயிறெரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரியத்தான் செய்கிறது.

அந்த வருஷம் ஆரஞ்சு பறிக்கிற நேரம் பார்த்து எங்கள் லாரி படுத்துவிட்டது. எஞ்சினுக்குள் டொக்குடொக்கென்று ஒரே தட்டல். பறித்த பழம் களத்தில் குவிந்து கிடந்தது. வத்தலகுண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அத்தனையும் அழுகும். அந்தச் சமயத்தில் மலையில் வாடகைக்கு வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்பா எஞ்சினை வாசலிலேயே பிரித்துப் போட்டார்.

பிஸ்டனைத் தாங்கும் ராடு ஒவ்வொன்றுக்கும் அடியில் அரைவட்டமாக ஒரு மூடி உண்டு. ராடும் மூடியும் சேர்ந்துதான் கிராங்க் என்கிற சுழல்தண்டைக் கவ்விப் பிடிக்கும். அப்பா புது பேரிங் வைத்து, ஒவ்வொரு மூடியாக முடுக்கி, ஒவ்வொரு தடவையும் கிராங்கைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவதை முடுக்கியதும் கிராங்க் அசைய மாட்டேனென்றது. தளர்த்தினால் சுற்றியது, முடுக்கினால் நின்றது. அந்த மூடியைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் அழுந்தத் துடைத்தார். ராடில் மூன்று என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு புள்ளியும் குத்தியிருந்தன. மூடியிலும் மூன்றுதான், ஆனால் புள்ளிக்குப் பதில் ஒரு கோடு. எங்கள் லாரிக்குப் புள்ளி, சித்தப்பா லாரிக்குக் கோடு. ஜோடியாகக் கடைந்த சாமான், ஜோடி மாறினால் சேராது. நடுவில் தகடு செருகி இத்தனை நாள் எப்படியோ ஓடியிருக்கிறது.

“களவாணிப் பய! வேணும்னே மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கான்” என்று அப்பா குதித்தார்.

பாகம் பிரிப்பதற்கு முன்பு இரண்டு எஞ்சினையும் ஒன்றாகப் பிரித்து, ஒரே தொட்டியில் போட்டுக் கழுவி, இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே பூட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் என் முதுகு பழுத்திருக்கும்.

அப்பா என்னைச் சுவர் அருகே கூட்டிப்போனார். “ஏ புள்ள, ஒங்க சித்தப்பங்கிட்டக் கேளு, எங்க மூடி எங்கேன்னு.”

சித்தப்பா சுவருக்கு அந்தப் பக்கம்தான் பல் துலக்கிக்கொண்டு நின்றார். காதெல்லாம் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் கேட்டேன்.

“எனக்கு ஆயிரம் சோலி கெடக்குன்னு ஒங்கப்பங்கிட்டச் சொல்லு தாயி.”

சொன்னேன். “களவாணிக்கு என்ன சோலின்னு கேளு.” கேட்டேன். “வாய அளந்து பேசச் சொல்லு.” சொன்னேன். இப்படியே வெயில் ஏறிவிட்டது. அடியில் கிடந்த பழத்திலிருந்து புளித்த வாடை வரத் தொடங்கியது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

“நான் என்ன ஒங்களுக்குத் தபால்காரியா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல, பேசித் தொலைங்க! சித்தப்பா, ஒங்க லாரியுந்தான் டொக்குடொக்குன்னு தட்டுது, ஊருக்கே கேக்குது. எங்க பழமும் அழுகட்டும், ஒங்க பழமும் அழுகட்டும், நல்லா உக்காந்து தின்னுங்க!”

அப்பாவின் கை ஓங்கிவிட்டது. அதற்குள் சித்தப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “புள்ளய ஏண்ணே அடிக்கிறீங்க, அந்த மூடியக் கொண்டாங்க பாப்பம்” என்றபடி தன் எஞ்சினைத் திறக்கப் போனார்.

உச்சிப்பொழுதில் அவர் லாரியின் மூன்றாவது ராடிலிருந்து எங்கள் புள்ளி மூடி வெளியே வந்தது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ரகளை. “கூறுகெட்டவனே, இப்பிடியாலே பூட்டுவ?” “பூட்டுனது நீங்கண்ணே.” “எடுத்துக் குடுத்தது நீதாம்லே!” திட்டிக்கொண்டே வேலை நடந்தது. அப்பா ராடைப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா முடுக்கினார். கிராங்க் வழுக்கிக்கொண்டு சுற்றியதும் இருவரும் ஒரே குரலில் “ஆங்!” என்றார்கள். நானும் சித்தப்பா மகளும் சுவர் மேல் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசினோம். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் இரண்டு லாரியும் தட்டாமல் உறுமின. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு அப்பா எதிரில் வந்து நின்றார்.

“அண்ணே, இனிமே ஒங்க சாமான் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லைங்க.”

“ஒன்னோடதும் எங்கிட்ட இல்லப்பா.”

அட, எவ்வளவு மரியாதை! களவாணி இல்லை, கூறுகெட்டவன் இல்லை. அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. அதெல்லாம் அப்போது எனக்கு எப்படித் தெரியும்? “அம்மா, ராசியாயிட்டாங்க! சித்தப்பா வீட்டுக்கும் சேத்து ஒல வையி” என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா வாசலில் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்களுக்கு மட்டும் அரிசி களைந்து போட்டாள். அத்தனை நல்லபடியாகப் பேசி முடித்த பிறகும் இவளுக்கு மனசு வரவில்லையே, இந்த வீட்டில் பகையை வளர்ப்பவளே இவள்தான் என்று அவள் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். அன்றைக்கு அம்மா கையால் போட்ட சோற்றை நான் தொடவேயில்லை.