எல்லை தாண்டி ஊற்றிய பெட்ரோல்

அந்த நாட்களில் ஓசூரில் ஈயம் இல்லாத பெட்ரோல் கிடைக்காது. புதிதாக வந்த கார்களில் புகையைச் சுத்தம் செய்ய புகைக்குழாயில் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் ஊற்றினால் அது கெட்டுவிடும். அதனால் அந்த மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள் மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூர்ப் பக்கம் போய்த்தான் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவார்கள். சில டிரைவர்கள் அவ்வளவு தூரம் போகாமல் உள்ளூர் பங்க்கிலேயே ஊற்றிக்கொண்டு, போய்வந்ததாகச் சொல்லி, போகாத தூரத்துக்கு மிச்சமான பெட்ரோலை வெளியே விற்றுவிடுவதும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த தில்லுமுல்லு அது.

நான் பாகலூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். கார்புரேட்டர் வண்டி என்றால் தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து கோளாறைச் சொல்லிவிடுவேன். பாய் சொன்னால் சரியாக இருக்கும் என்று தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறியிருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரி முதலாளி புது மாடல் கார் ஒன்று வாங்கியிருந்தார். அவருடைய டிரைவர் கல்லாவிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த லைன் வீடு ஒன்றில் அவரும் அண்ணியும் குடியிருந்தார்கள். நோன்புக் காலத்தில் என் வீட்டுக் கஞ்சி அங்கே போகும், பொங்கலுக்கு அங்கிருந்து எங்களுக்கு வரும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர்.

ஒருநாள் காலையில் அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, சிக்னலில் நின்றால்தான் நடுங்குகிறது என்றார். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டுப் பார்த்தேன். குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி வண்டி முழுக்க நடுங்கியது. பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. அந்த மாதிரி வெளுப்பை நான் முன்பே ஈயம் கலந்த பெட்ரோல் ஊற்றிய புது வண்டிகளில் பார்த்திருந்தேன். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முதலாளி அவசரம் தாங்காமல் அவரே வந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார். லோக்கல் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள், அதனால் புகையை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று டிரைவரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அண்ணன் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு ஊத்துனதில்ல பாய்" என்றார்.

"பிளக் பொய் சொல்லாதுண்ணா" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

பெட்ரோல் போட்ட பில் இருக்கிறதா என்று முதலாளி கேட்டார். அதெல்லாம் வாங்கி வைக்கிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை. முதலாளி அங்கேயே அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். திருட்டுப்பட்டம் கட்டிய டிரைவருக்குத் தொழிற்பேட்டையில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கும் போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

பெங்களூரிலிருந்து சென்சார் வாங்கிவந்து மாட்டினேன். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதும் விளக்கு அணைந்தது. நான்காம் நாள் மறுபடி எரிந்தது. புது டிரைவர், புது பெட்ரோல், பில்கூட இருந்தது. அப்போதும் நடுக்கம் அப்படியேதான் இருந்தது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள், அங்கே அனுப்பியிருக்கலாம். வறட்டு கௌரவம் விடவில்லை. ஏதேதோ சாக்கு சொல்லி இரண்டு மாதத்தைக் கடத்தினேன்.

மூன்றாம் தடவை வந்தபோது இன்ஜினை ஓடவிட்டுப் பின்பக்கமாகக் கையை விட்டுத் துழாவினேன். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் இருந்தது, விரல் தடிமன்தான் இருக்கும். அதன் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வெடிப்பு. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினேன், இன்ஜின் அடங்கியது. விரலை எடுத்தேன், நடுங்கியது. திரும்ப வைத்தேன். வெடிப்பு வழியாகக் கூடுதல் காற்று போய், பெட்ரோல் போதாமல் எரிந்து, பிளக் வெளுத்திருக்கிறது. பெட்ரோலில் ஒரு குற்றமும் இல்லை. பானெட்டுக்குள் குனிந்தபடியே வெகுநேரம் நின்றேன். விரலை எடுக்கவே பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வண்டி சரியாகிவிட்டதல்லவா, விடுங்கள் பாய் என்றார். இப்போது இருக்கிற டிரைவரை எப்படி அனுப்புவது என்றும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பஸ் மாறி கல்லாவிக்குப் போனேன். யாரோ ஒருவருடைய காட்டில் அண்ணன் கூலிக்குக் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டேனா என்று மட்டும் விசாரித்தார். சொல்லிவிட்டேன் என்றேன்.

"வூட்ல வந்து சொல்லுங்க பாய். அவளும் என்னை நம்பல."

வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே வராமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அண்ணியிடம் முதலிலிருந்து சொன்னேன். ஹோஸ், வெடிப்பு, விரல் வைத்ததும் அடங்கியது, எல்லாம் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவர் திருடவில்லை என்பது புரிந்தது.

"எங்கிட்ட அழுதாரு பாய்" என்றாள். "பாய் எதுக்குப் பொய் சொல்லப்போறாருன்னு கேட்டுட்டேன். ரெண்டு மாசமா அவருக்குச் சோத்தை வெச்சிட்டு எந்திரிச்சு போயிடுவேன். ஒரு வார்த்த பேசல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றிருந்தார்.

"ஏங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை.