விளம்பரப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்

ஞாயிறு காலை டேவிட் சாரின் மனைவி போன் செய்தார். "சரளா, அவர் போயிட்டாரும்மா. மாரடைப்பு." அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம்.

ரிச்சர்ட்ஸ் டவுன்காரரான சார், எங்கள் மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அவருக்குப் பக்கத்து மேஜை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் மெயிலில் குப்பை வந்து கொட்டியது. விளம்பரம் அனுப்புகிற கம்பெனிகள் தலைப்பிலேயே 'விளம்பரம்' என்று போட வேண்டும் என நிர்வாகம் விதி செய்தது. போட்டவை தானாகத் தனிப் பெட்டிக்குப் போய்விடும்.

"திருட்டுப் பசங்க எவனாவது போடுவானா சார்?" என்றேன்.

"போட மாட்டான். நல்லவங்க போடுவாங்க. அந்த மட்டும் குறைஞ்சா போதும்மா."

கொஞ்சம் குறையத்தான் செய்தது. ஆனால் எங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தந்த வெளி லேப்காரர்கள், விதியை மீறினால் ஒப்பந்தம் போய்விடுமோ என்று பயந்து, ரிசல்ட்டுக்கும் அந்த வார்த்தையை ஒட்டிவிட்டார்கள்! ஈஜிபுரா கர்ப்பிணி ஒருவரின் ரிசல்ட் அந்தப் பெட்டியில் முடங்கிக் கிடந்தது. சார்தான் கண்டுபிடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். லேபைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார்கள். சாருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை.

அன்றிலிருந்து காபிக்கு முன்பே அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தலைப்பாகப் படிப்பார்.

"என்ன சார், லோன் வேணுமா, உடம்பு இளைக்கணுமா?" என்று கிண்டல் செய்வேன்.

சிரிக்க மாட்டார். "பயமா இருக்கு சரளா. உள்ள யார் உசுரு கெடக்குதோ!"

திங்கள் மாலை அடக்கம். காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சனிக்கிழமையிலிருந்து யாரும் திறக்காத பெட்டி. லோன், மறுபடி லோன், எடை குறைப்பு. நடுவில் லேபிலிருந்து ஒன்று. புதிதாகச் சேர்ந்தவர் யாரோ மறுபடி அந்த வார்த்தையை ஒட்டியிருக்கிறார். எங்கள் வார்டில் படுத்திருந்த பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் தொழிலாளி ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவில் ஏறியிருந்தது. ஐயோ, வார்டுக்கு ஓடினேன்.

"எப்ப வந்தது இது?" என்று டாக்டர் கத்தினார்.

"நேத்து" என்றேன்.

உடனே ஊசி போட்டார்கள். இதை எழுதும்போது அந்தத் தொழிலாளி ஐ.சி.யு.வில் இருக்கிறார். என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

சாரின் பெட்டிமேல் மண் போட்டபோதும், ஆபீஸில் இப்போது என்ன வந்திருக்குமோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. சென்று வாருங்கள் சார். இனி அந்தப் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.