ட்ரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் நடுவே

இறால் எடுக்கப் பசியாவரம் தீவுக்குப் படகில் போன என் கணவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பழவேற்காட்டுக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அப்போது பழவேற்காட்டு மாமியார் வீட்டிலிருந்து சென்னைக் கல்லூரி ஒன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்த இசை ஆய்வு மாணவி. ஒரு ஜாஸ் ரெக்கார்டைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மய்யத்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது என் மனதில் ஓடியது, கட்டுரையில் பாதிகூட முடியவில்லையே என்பதுதான். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகக்கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

அந்த ரெக்கார்டை வாங்கி வந்தவரே அவர்தான். சென்னைக்கு இறால் ஏற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டுகளைக் கிளறிக்கொண்டு நிற்பார். ஜாஸ்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ரெக்கார்டு அது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. "ஊதுற பாட்டு"னு சொல்வார். அதுதான் வேண்டும் என்று அதையே போடச் சொல்வார்.

இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கும் மேலாக வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, பூச்சு கூடாது, நகை கூடாது. மாமியார் வீட்டின் உள் அறையை எனக்கு ஒதுக்கினார்கள். துக்க வீட்டில் பாட்டு ஏது? பெட்டிபோல மூடித் திறக்கிற ரெக்கார்டு பிளேயரை மாமி பீரோவின் மேலே ஏற்றி, ஒரு துப்பட்டியைப் போட்டு மூடிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

கட்டுரை மட்டும் காத்திருக்காது. பருவம் முடிவதற்குள் அதைத் தராவிட்டால் ஆய்வு இடம் இன்னொருவருக்குப் போய்விடும் என்று பேராசிரியை ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். இடம் போனால் எனக்கு ஆயுசுக்கும் அந்த உள் அறைதான். அது நன்றாகப் புரிந்தது. பயம்தான் வரவில்லை.

ஆகவே கேட்காமலேயே எழுதினேன். எத்தனையோ மாலைகளில் கேட்ட ரெக்கார்டு, எனக்கு மனப்பாடம். அதில் ஓர் இடம் உண்டு. ட்ரம்பெட் சட்டென்று நின்றுவிடும். பியானோ நுழைவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு கணம் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவில் மரத்தைத் தட்டுவதுபோல இரண்டு தட்டல்கள் கேட்கும். டொக், டொக். பேஸ் என்கிற ஆளுயர மர வாத்தியத்தை வாசிக்கிறவர் அதன் மேல் விரல் முட்டியால் தட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அறிஞர்களுக்கெல்லாம் காதில் பஞ்சா என்று எனக்கு ஒரே இளக்காரம். முழு வாசிப்புமே அந்த இரண்டு தட்டல்களில்தான் தொங்குகிறது என்று பக்கம் பக்கமாக வாதாடினேன்.

பார்க்க வந்த பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "ஒரு சொட்டு தண்ணி வர்லியே கண்ணுல, இன்னா பொண்ணுமா இது"னு ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அழுதால் தேவலை என்று எனக்கும்தான் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவர் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இறால் வாடை அடித்தது. மடித்து வைத்துவிட்டேன்.

இத்தா முடிந்ததும் குளித்தேன், துஆ ஓதினார்கள், பக்கத்து வீடுகளுக்குச் சோறு போயிற்று. கட்டுரையில் அந்தத் தட்டல் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறிக்க வேண்டியிருந்தது. பிளேயரை எடுக்கலாமா என்று மாமியைக் கேட்டேன்.

"படிப்புக்கா?"

"ஆமா மாமி."

"சரி, சத்தத்த கொறச்சி வையி."

அவர் வாசற்படியருகே இறால் உரித்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டு ஓடியது. ட்ரம்பெட் நின்றது. அமைதி. பியானோ வந்தது.

முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தேன். முள்ளைத் துடைத்துப் பார்த்தேன். பேட்டரியை மாற்றினேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

"இன்னாமா, அதையே திருப்பித் திருப்பி வெக்கிற?" என்றார் மாமி.

"இந்த எடத்துல ரெண்டு தட்டு கேக்கும் மாமி. காணோம்."

மாமி கையிலிருந்த இறாலைத் தட்டில் போட்டார். "அது பாட்டுல எங்கமா கீது? எம்புள்ள தட்றது அது. அந்த எடம் வரசொல்ல மேசையில தட்டுவான். எறாக் கூடைய கவுத்துட்டு, ஒட்டிக்கினு கீறதும் வுழட்டும்னு அடியில ரெண்டு தட்டு தட்டுவான் பாரு, அதே கை."

ஊதல் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று தினமும் முணுமுணுத்தவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் அந்த ரெக்கார்டைக் கணவர் பக்கத்தில் இல்லாமல் ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பியானோ தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே போயிற்று. என் கணவர் எனக்கு அன்றைக்குத்தான் மவுத்தானார். மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெருவே கூடும்படி அழுதேன். மாமி இறால் கையோடு வந்து என் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, "அழுவுமா, நல்லா அழு" என்றார். அவரும் அழுதார்.

கட்டுரையிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சீர்செய்து அனுப்பினேன். பேராசிரியைக்குப் பிடித்திருந்தது. ஆய்வு இடம் தங்கியது, பின்னால் வேலையும் கிடைத்தது. கட்டுரை அச்சில் வந்தபோது யாரும் ஒரு குறை சொல்லவில்லை. இப்போது எடுத்துப் படித்தாலும் பிழையில்லாத கட்டுரைதான். அவர் அதில் எங்குமே இல்லை.